முதல் கிரேக்க வெள்ளி நாணயம் வாங்குமுன்: காகிதம், கணக்கு, காலம்

ஏதென்ஸ், கொரிந்து, ஏஜினா, சிராகூஸ் போன்ற பண்டைய கிரேக்க நகர அரசுகள் அடித்த வெள்ளி நாணயங்கள் இன்றும் ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களுக்குத் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. கோடீஸ்வரர்களுக்கான பொழுதுபோக்கு என்று நினைத்து ஒதுங்க வேண்டாம். ஒரு சாதாரண கைபேசி விலைக்குள் பல நல்ல காசுகள் கிடைக்கும். சிக்கல் வாங்கும் முறையில் இருக்கிறது. ஏல நிறுவனம் தன் விதிகளை மட்டும் சொல்லும். கூரியர்காரர் தன் கட்டணத்தை மட்டும் சொல்வார். சுங்கத்துறை, நீங்கள் கேட்டால் மட்டும் சொல்லும். நான் இங்கிலாந்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டித் தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நாணயங்களின் வரலாற்றுக்குள் போகப்போவதில்லை.

முதலிலேயே ஒன்று. புதிதாக வருபவர்கள் காசைப் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, அப்புறம்தான் அதன் காகிதங்களைத் தேடுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. எந்தக் காசு என்று முடிவு செய்யுங்கள்

எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது ஏதென்ஸின் ஆந்தை நாணயம். ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா, மறுபக்கம் ஆந்தை, ஒலிவக் கிளை, சின்னப் பிறை, நகரின் பெயரைக் குறிக்கும் மூன்று எழுத்துகள். நான்கு டிராக்மா (பண்டைய கிரேக்கப் பண அலகு) மதிப்புள்ள இந்த டெட்ராட்ரக்மா சுமார் 17.2 கிராம் இருக்கும். பொ.மு. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏராளமாக அடிக்கப்பட்டதால் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. தேய்ந்த, மையம் தப்பிய காசு சில நூறு டாலருக்கும், நல்ல நிலையில் உள்ளது ஆயிரம் டாலரை ஒட்டியும் அதற்கு மேலும் போகும்.

ஆனால் என் அபிப்பிராயம்: முதல் காசாக ஆந்தையை வாங்காதீர்கள். அதிகம் விரும்பப்படுவதால் அதிகம் போலி செய்யப்படுவதும் அதுதான். கண்ணும் கையும் பழகும்வரை சின்னக் காசுகளில் தொடங்குங்கள். திரேசிய செர்சொனீஸின் (இன்றைய துருக்கியின் கலிபோலி தீபகற்பம்) அரை டிராக்மா, பின்னால் திரும்பிப் பார்க்கும் சிங்கத்தின் முன்பாதி பொறித்தது, சுமார் 2.4 கிராம். யூபியா தீவின் ஹிஸ்தியாயா நகரக் காசில் கப்பலின் பின்முனையில் ஒரு நங்கை உட்கார்ந்திருப்பாள். கருங்கடல் கரையில் இருந்த இஸ்த்ரோஸ் நகரக் காசில் இரண்டு முகங்கள், ஒன்று தலைகீழாக. முதல் இரண்டும் நூறு டாலரை ஒட்டிய விலைக்கே கிடைக்கும். இஸ்த்ரோஸ் கொஞ்சம் கூடும்.

இடைநிலையில் இரண்டு. பெகாசஸ் என்ற சிறகுக் குதிரை பொறித்த கொரிந்து ஸ்டேட்டர் (அந்நகரின் பெரிய வெள்ளிக் காசு) சுமார் 8.6 கிராம். ஆமை பொறித்த ஏஜினா ஸ்டேட்டர் சுமார் 12.2 கிராம். பெகாசஸ் காசுகளைக் கொரிந்து மட்டுமல்லாமல் லூகாஸ், அம்பிராகியா போன்ற அதன் குடியேற்ற நகரங்களும் அடித்தன. குதிரைக்குக் கீழே உள்ள எழுத்துதான் நகரைச் சொல்லும். கிரேக்க எழுத்துகளில் கொரிந்துக்குக் கொப்பா (Ϙ), லூகாஸுக்கு லாம்டா (Λ), அம்பிராகியாவுக்கு ஆல்பா (Α). விற்பவர் என்ன எழுதியிருந்தாலும் அந்த எழுத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சிராகூஸின் பத்து டிராக்மா காசுகள், கிமோனும் யூஐனெட்டோஸும் செதுக்கிய அச்சுகளில் வந்தவை, கண்ணைப் பறிக்கும். பல்லாயிரம் டாலர் விலை. அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

2. விலையை ஏல வரலாற்றில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள்

கடைக்காரர் போட்டிருக்கும் விலையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஏலத்தில் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்பதே விலை. ஏசிசர்ச், காயின்ஆர்க்கைவ்ஸ் ஆகிய தளங்களில் பழைய ஏலங்களின் படங்களும் விவரங்களும் இருக்கின்றன. விற்ற விலையையும் முழுப் பழைய பதிவுகளையும் பார்க்கச் சந்தா கட்ட வேண்டியிருக்கும். ஒரு மாதச் சந்தா முதல் காசிலேயே திரும்பி வந்துவிடும் என்பது என் கணக்கு.

நீங்கள் விரும்பும் வகையில் ஐம்பது காசுகளையாவது வரிசையாகப் பாருங்கள். விலையை ஏற்றி இறக்குபவை நான்கு: தேய்மானம், அச்சின் மையம், உலோகத்தின் மேற்பரப்பு, அச்சு செதுக்கியவரின் கைத்திறன். ஆந்தையில் அதீனாவின் தலைக்கவசக் கொண்டை முழுதாக விழுந்திருந்தால் விலை வேறு, பாதி வெட்டுப்பட்டிருந்தால் வேறு. இரண்டும் ஒரே தரக்குறியோடு விற்கப்படலாம். தரக்குறி தேய்மானத்தை மட்டும்தான் சொல்கிறது.

பொ.மு. 4-ஆம் நூற்றாண்டின் ஆந்தைகளில் அதீனாவின் கண் பக்கவாட்டுத் தோற்றத்தில் இருக்கும். முந்தையவற்றில் முகம் பக்கவாட்டில் இருந்தாலும் கண் நேராகப் பார்க்கும். பிந்தையவற்றில் தடித்த, மடித்து அடித்த, ஒழுங்கற்ற வில்லைகள் (அச்சடிக்கும் உலோகத் துண்டுகள்) சகஜம். எகிப்திலும் கிழக்கிலும் அக்காலத்திலேயே ஆந்தையைப் பார்த்து அடித்த காசுகளும் உண்டு. அவையும் பழங்காசுகளே, போலி அல்ல. ஆனால் ஏதென்ஸ் காசு என்று சொல்லி விற்றால் அது வேறு கதை.

3. விவரக் குறிப்பை வரிவரியாகப் படியுங்கள்

நல்ல விற்பனையாளரின் குறிப்பில் எடை, விட்டம், அச்சுக் கோணம், பட்டியல் எண் (நாணயவியல் நூல்களில் அந்த வகைக்கு உள்ள எண்), நிலை, குறைகள், பழைய உடைமையாளர் எல்லாம் இருக்கும். அச்சுக் கோணத்தைக் கடிகார மணியில் எழுதுவார்கள். முன்பக்கம் நேராக இருக்கையில் பின்பக்கம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அது. எடை எழுதாத குறிப்பைக் கடந்து போய்விடுங்கள். பேரமே வேண்டாம்.

சில சொற்களின் பின்னால் பணம் ஒளிந்திருக்கிறது. சோதனை வெட்டு என்றால் உள்ளே வெள்ளிதானா என்று பார்க்க அக்காலத்தவர் உளியால் வெட்டியது. காசு உண்மையானதுதான், விலை மட்டும் குறையும். ஃபூரே என்றால் செம்புக் கருவின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய காசு. பழையதாகவே இருக்கும், ஆனால் முழு வெள்ளிக் காசின் விலை தரக்கூடாது. மேற்பரப்பு மென்மையாக்கப்பட்டது, கருவியால் திருத்தப்பட்டது என்று இருந்தால் இன்றைய கை பட்டிருக்கிறது, விலகிவிடுங்கள். படிகமானது என்று இருந்தால் உலோகம் உள்ளுக்குள் உடையும் தன்மைக்கு வந்துவிட்டது. கீழே விழுந்தால் காசு இரண்டாகப் போகலாம்.

4. யாரிடம் வாங்குவது

பொது விற்பனைத் தளங்களில் தொடங்க வேண்டாம். அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களைப் பிரித்தறியும் கண் உங்களுக்கு இன்னும் வரவில்லை. உண்மைத்தன்மைக்குக் காலவரையறை இல்லாமல் எழுத்தில் உத்தரவாதம் தரும் முழுநேர வணிகர்களிடம் போங்கள். பழங்காசுகளுக்கென்றே இருக்கும் விகாயின்ஸ் தளமும், 1951-இல் தொடங்கிய பன்னாட்டுத் தொழில்முறை நாணய வணிகர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் தேடுவதற்கு நல்ல இடங்கள். ஏலங்களைப் பார்க்க நியூமிஸ்பிட்ஸ், பிடர், சிக்ஸ்பிட் தளங்கள் போதும்.

பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரம் குறித்த காசுகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். என்ஜிசி என்ற அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் பழங்காசுகளுக்கு அச்சடிப்புக்கும் மேற்பரப்புக்கும் ஐந்துக்கு இத்தனை என்று தனித்தனியாக மதிப்பெண் தருகிறது, அது பயனுள்ளது. ஆனால் நவீன காசுகளுக்குத் தரும் உத்தரவாதம் அப்படியே பழங்காசுகளின் உண்மைத்தன்மைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதன் விதிகளைப் படித்துப் பாருங்கள். பெட்டியில் இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் தரும் முன் இதை நினைவில் வையுங்கள். பெட்டிக்குள் விளிம்பைச் சரியாகப் பார்க்கவும் முடியாது, எடை போடவும் முடியாது.

கிரீஸுக்கோ துருக்கிக்கோ சுற்றுலா போகிறவர்களுக்கு: இடிபாடுகளுக்குப் பக்கத்தில் ஒருவர் பையில் இருந்து காசை எடுத்துக் காட்டினால் கையால் தொடாமல் நடையைக் கட்டுங்கள். பெரும்பாலும் போலியாக இருக்கும், அது உங்கள் அதிர்ஷ்டம். உண்மையாக இருந்தால்தான் ஆபத்து. துருக்கியின் 1983-ஆம் ஆண்டின் 2863-ஆம் எண் சட்டத்தின்படி தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கிரீஸில் 2002-இன் 3028-ஆம் எண் சட்டமும் கடுமையானதே. விமான நிலையத்தில் 'நினைவுப் பொருள்' என்ற விளக்கம் எடுபடாது.

5. காகிதங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. ஏலம் கேட்பதற்கு முன் விற்பவருக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் அனுப்புங்கள். இந்தக் காசு எந்த ஆண்டில் இருந்து யார் கையில் இருந்தது என்பதற்கு என்ன சான்று இருக்கிறது? இப்போது எந்த நாட்டில் இருக்கிறது? என் நாட்டுக்கு அனுப்ப ஏற்றுமதி உரிமம் தேவையா, தேவையென்றால் செலவு யாருடையது, எத்தனை வாரம் ஆகும்? பதில் வராத இடத்தில் பணம் போடாதீர்கள்.

'ஒரு பழைய ஐரோப்பியச் சேகரிப்பில் இருந்து' என்ற வரி சான்று ஆகாது. பழைய ஏலப் பட்டியலின் பக்கம், தேதியிட்ட விற்பனை ரசீது, சேகரிப்பாளர் கைப்பட எழுதிய அட்டை, இவை சான்று. அட்டையில் உள்ள எடை இந்தக் காசின் எடையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய பட்டியலில் படம் இருந்தால் விளிம்பின் வடிவத்தை ஒப்பிடுங்கள். கையால் அடித்த காசு என்பதால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றுக்கு வராது. நல்ல ஏல நிறுவனங்களும் தவறும் என்பதை மறக்க வேண்டாம். லண்டன் ஏல நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் பொய்யான உடைமை வரலாறு எழுதி விற்ற வழக்கில் 2023-இல் நியூயார்க்கில் கைதானார். அந்த வழக்கில் சிக்கிய காசுகளில் ஒன்று சிசிலியின் நக்சோஸ் நகர வெள்ளி நாணயம்.

நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்துத் தேவை மாறும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள்: இத்தாலி, கிரீஸ் இரண்டுக்கும் 2011 முதலும், துருக்கிக்கு 2021 முதலும் நாணயங்களை உள்ளடக்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நடப்பில் உள்ளன. சிசிலிக் காசுகள் இத்தாலியின் பட்டியலில் வரும். கிரீஸின் பட்டியல் ஏதென்ஸ், ஏஜினா, கொரிந்து நகரங்களின் சிறு மதிப்பு வெள்ளிக் காசுகளைக் குறிப்பிடுகிறது. அதாவது பெரிய ஆந்தையைவிடக் குட்டி ஒபோலுக்கு (டிராக்மாவில் ஆறில் ஒரு பங்கு) அதிகக் காகிதம் கேட்கப்படலாம். கட்டுப்பாட்டு நாளுக்கு முன்பே காசு அந்த நாட்டைவிட்டு வெளியே இருந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்கள்: ஒன்றியத்துக்கு வெளியே இருந்து, அதாவது லண்டன், சூரிக், நியூயார்க்கில் இருந்து வாங்கினால், ஒன்றியத்துக்கு வெளியே உருவாகி வெளியிலேயே கண்டெடுக்கப்பட்ட காசுகளுக்குப் பண்பாட்டுப் பொருள் இறக்குமதி பற்றிய 2019/880 எண் ஒழுங்குமுறை பொருந்தும். 2025 ஜூன் 28 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, 18,000 யூரோவோ அதற்கு மேலோ மதிப்புள்ள காசுக்கு இறக்குமதியாளர் அறிக்கை வேண்டும். அகழாய்வில் இருந்து வந்த பொருள் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் உரிமமே வேண்டும். விலை என்னவானாலும், உருவான நாட்டில் இருந்து சட்டத்துக்குப் புறம்பாக வெளியேறிய பொருளை உள்ளே கொண்டுவரத் தடை உண்டு.

இந்தியாவில் இருப்பவர்கள்: 1972-இன் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. உள்ளே வந்துவிட்ட காசைப் பின்னால் லண்டன் ஏலத்துக்கோ அமெரிக்கத் தரநிர்ணயத்துக்கோ அனுப்பலாம் என்ற கணக்கோடு வாங்காதீர்கள். இன்னொன்று. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிரேக்கக் காசுகள் கிடைத்ததாக நாணயவியல் வெளியீடுகளில் பதிவு உண்டு. அதைச் சாக்காக வைத்து 'ஆற்றில் கிடைத்தது சார்' என்று யாராவது நீட்டினால் வேண்டாம். பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டும் புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம்.

6. ஏலம் கேட்பதும் மொத்தக் கணக்கும்

பட்டியல் பொதுவாக ஏலத்துக்குச் சில வாரங்கள் முன்பே வெளிவரும். அன்றைக்கே பதிவு செய்துகொள்ளுங்கள். புதியவர்களிடம் அடையாள அட்டை நகல் கேட்பார்கள், ஒப்புதல் வரச் சில நாட்கள் ஆகலாம். ஏல நாள் காலையில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தால் காசு வேறொருவருக்குப் போய்விடும்.

சுத்தியல் விழும் விலை நீங்கள் கட்டும் விலை அல்ல. ஜெர்மனியில் ஒரு காசை 500 யூரோவுக்குக் கேட்டு இங்கிலாந்துக்கு வரவழைப்பதாக வையுங்கள். ஏல நிறுவனம் அதன்மேல் வசூலிக்கும் வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் என்றால் 100. காப்பீட்டோடு அனுப்ப 30 என்று கொள்வோம். ஆக 630. இங்கே சேகரிப்புப் பொருளுக்கான இறக்குமதி வரி 5 சதவீதம், ஏறத்தாழ 32. கூரியரின் கையாளும் கட்டணம், வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் 680-ஐத் தாண்டும். வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம் வரை போவதுண்டு. சில தளங்கள் நேரலையில் கேட்பதற்கும் தனியாகப் பிடிக்கும். எனவே மொத்தத்தில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, உச்ச விலையை முந்தின நாளே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏலத்தின் சூட்டில் கணக்கு வராது.

பணம் கட்ட ஒன்று அல்லது இரண்டு வாரம் அவகாசம் இருக்கும். இத்தாலி, ஸ்பெயின் ஏலங்களில் வாங்கினால் ஏற்றுமதி உரிமத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதுவரை உங்கள் பணமும் இல்லை, காசும் இல்லை. அவசரக்காரர்கள் உள்நாட்டு வணிகரிடம் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே மேல்.

7. சுங்கத்தில் மாட்டாமல் இருக்க

பார்சல் மேல் எழுதும் வகைப்பாட்டு எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயவியல் சேகரிப்புப் பொருளுக்கு 9705.31. சாதாரணக் காசுகளுக்கு 7118. அனுப்புபவரிடம் முதல் எண்ணைத்தான் போட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், ரசீதிலும் அது அச்சாகட்டும். எனக்கு வந்த ஒரு பார்சலில் ரசீதில் சரியான எண் இருந்தும், கூரியர் நிறுவனம் வேறு எண்ணில் பதிந்து 20 சதவீத வரியை வசூலித்துவிட்டது. சி285 என்ற திருப்பிக் கேட்கும் படிவத்தை நிரப்பி, ரசீதும் ஏலப் பக்கத்தின் அச்சுப்படியும் இணைத்து அனுப்பிய பிறகு பணம் வந்தது. கையாளும் கட்டணம் மட்டும் வரவில்லை. ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இதே விஷயத்தில் 7 சதவீதத்துக்கும் 19 சதவீதத்துக்கும் இடையிலான வித்தியாசம்.

மதிப்பைக் குறைத்து எழுதித் தருகிறேன், 'பரிசு' என்று போட்டுவிடலாம் என்று விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். பார்சல் தொலைந்தால் காப்பீடு அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும். பிடிபட்டால் காசே போய்விடும்.

8. கைக்கு வந்ததும் சோதியுங்கள்

உறையைப் பிரிப்பதைக் கைபேசியில் படம் எடுங்கள். அப்புறம் 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை போடுங்கள். குறிப்பில் உள்ள எடையோடு நூறில் ஓரிரு பங்கு கிராம்தான் வேறுபடலாம். அதற்கு மேல் போனால் உடனே எழுதுங்கள், அது அந்தக் காசே இல்லாமல் இருக்கலாம்.

பெரிய காசுகளுக்கு அடர்த்திச் சோதனை எளிது. ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய காசை அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. 17.16 கிராம் ஆந்தைக்குத் தராசு 1.65 காட்டினால் 10.4. சுத்த வெள்ளி 10.49, ஆந்தைகள் ஏறக்குறையச் சுத்த வெள்ளி, ஆகவே சரி. செம்பின் அடர்த்தி 8.96 என்பதால் செம்புக் கரு இருந்தால் எண் கீழே இறங்கும். ஒபோல் போன்ற முக்கால் கிராம் காசில் இதை முயல வேண்டாம், தராசின் பிழையே விடையை விழுங்கிவிடும். நல்ல வெள்ளியில் செய்த போலியும் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

அதனால் உருப்பெருக்கியை எடுங்கள். பத்து மடங்கு போதும். வார்ப்புப் போலியில் சின்னச் சின்னக் குமிழிக் குழிகள், மழுங்கிய எழுத்து ஓரங்கள், விளிம்பைச் சுற்றித் தேய்த்த கோடு தெரியும். அச்சடித்த காசில் விளிம்பு வெடிப்புகளும், உலோகம் வெளிநோக்கி வழிந்த கோடுகளும் இருக்கும். அச்சில் அடித்த போலிகள்தான் ஆபத்தானவை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர் பெக்கரும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸில் கிறிஸ்டோடூலோஸும் அச்சு செதுக்கி அடித்தவை இன்றும் சுற்றுகின்றன. கிறிஸ்டோடூலோஸின் போலிகளைக் கிரேக்க நாணயவியலாளர் ஸ்வொரோனோஸ் 1922-இல் பட்டியலிட்டு வெளியிட்டார். 1980-களின் இறுதியில் அப்பல்லோனியா பொன்டிகா, மெசெம்பிரியா நகரங்களின் சின்ன வெள்ளிக் காசுகள் 'கருங்கடல் புதையல்' என்ற பெயரில் குவியலாகச் சந்தைக்கு வந்து, நிபுணர்களையே இரண்டு கட்சியாகப் பிரித்து, கடைசியில் போலி என்று முடிவானது. எனவே ஒரே அச்சில் வந்த காசுகள் ஒரே நேரத்தில் பல இடங்களில் தலைகாட்டினால் கொஞ்சம் பொறுங்கள்.

சந்தேகம் வந்தால் விற்பவருக்கு உடனே எழுதுங்கள். காசை எதிலும் கழுவாதீர்கள், கழுவிய காசைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

9. வைத்திருப்பது

வீட்டில் வெள்ளிப் பாத்திரத்தை விபூதி போட்டுத் தேய்த்துப் பழகிய கை நமக்கு. காசில் அது கூடாது. புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் கூடாது. கறுத்த படலம் அழுக்கு அல்ல. அதை எடுத்துவிட்டால் காசு பளபளக்கும், விலை பாதியாகும். விளிம்பை மட்டும் பிடித்து, மெத்தென்ற துணிக்கு மேலாக வைத்துப் பாருங்கள். மலிவான மென்பிளாஸ்டிக் உறைகள் பிவிசியால் ஆனவை, சில ஆண்டுகளில் காசின் மேல் பச்சைப் பசை படிய வைக்கும். மைலார் என்ற பாலியஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். ஓக் மரப் பெட்டியும் வேண்டாம், அதன் அமில வாயு உலோகத்துக்கு ஆகாது.

சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நாணயச் சேகரிப்புக்கு உச்சவரம்பு மிகக் குறைவாக இருக்கும், தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் கேட்பது ரசீது, இருபக்கப் படம், எடை. இதே மூன்றோடு ஏலப் பக்கத்தின் அச்சுப்படி, விற்பவரோடு பேசிய மின்னஞ்சல், உரிமம், சுங்க ரசீது, பழைய அட்டை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, காசு இருக்கும் பெட்டியில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். ஏலப் பக்கங்கள் சில ஆண்டுகளில் இணையத்தில் இருந்து காணாமல் போய்விடும், ஆகையால் அச்சுப்படியை வாங்கிய வாரத்திலேயே எடுத்துவிடுங்கள்.